போர்ட்டின் மேல் பழி போடாதீர்கள்

“புது லேப்டாப்பில் அந்த போர்ட்டெல்லாம் வராது சார். பிரிண்டர், கீபோர்டு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.” கணினி விற்கும் கடைகளில் இதைச் சொல்லாத ஊழியர் குறைவு. அலுவலகத்தில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்பவரும் இதைத்தான் சொல்கிறார், யூடியூபில் லேப்டாப் விமர்சனம் செய்பவரும் இதைத்தான் சொல்கிறார். கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் பரணுக்குப் போகிறது. சில மாதங்களில் அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

இந்த ஆலோசனை பெரும்பாலும் தவறு. சரியாக அமையும் சில இடங்களிலும் அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. ஒரு பழைய கருவி புதுக் கணினியில் வேலை செய்ய மறுத்தால் அதற்கு டிரைவர் காரணமாக இருக்கலாம். சிக்னலின் வகை மாறியிருக்கலாம். மின்சாரம் போதாமல் இருக்கலாம். கருவியை இயக்கிய மென்பொருள் புது விண்டோஸில் ஓடாமல் இருக்கலாம். போர்ட்டின் வடிவம் மட்டுமே காரணமாக இருப்பது மிக அரிது. ஆனால் வடிவம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பழி முழுவதும் அதன் மேல் விழுகிறது.

வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் பழைய கருவிகளில் மிகுதி யூஎஸ்பி வகைதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். யூஎஸ்பியின் முதல் தரம் 1996இல் வெளிவந்தது. 2000இல் 2.0, 2008இல் 3.0, 2014இல் டைப்-சி கனெக்டர். பழைய டைப்-ஏ செருகிக்குள் நான்கு பின்கள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. டைப்-சியில் 24 பின்கள். அந்த 24இல் பழைய தகவல் ஜோடியும் இருக்கிறது, புதிய வேகங்களுக்கான பின்களோடு கலக்காமல் தனக்கென்று ஓர் இடத்தில். 2019இல் வந்த யூஎஸ்பி4 தரம்கூட அதை அகற்றவில்லை. பழையது புதியதில் ஓட வேண்டும் என்பதை அந்தத் தரத்தை எழுதியவர்களே விதியாக வைத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு முன் வாங்கிய யூஎஸ்பி மவுஸ் இன்றைய டைப்-சி லேப்டாப்பில் நகர்வது அந்த விதியின் பலன்.

அப்படியானால் நடுவில் போடும் சின்ன அடாப்டரின் வேலை என்ன? ஒரு முனையின் கம்பிகளை மறுமுனையின் கம்பிகளோடு சேர்ப்பதுதான். கூடவே, ஒரு கருவி வந்து சேர்ந்திருக்கிறது என்று லேப்டாப்புக்கு உணர்த்த ஒரு மின்தடை இருக்கும். நிறுவ வேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை. கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை இயக்கும் டிரைவர்கள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் உள்ளேயே இருக்கின்றன. ஆடிட்டர் அலுவலகங்களில் ஜிஎஸ்டி ரிட்டனுக்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் இதே அடாப்டர்தான். அதற்குரிய மென்பொருளைப் புது லேப்டாப்பில் ஒருமுறை நிறுவ வேண்டும், அவ்வளவே. பிரிண்டருக்கு அடாப்டர்கூட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் இருக்கும் சதுரத் துளை டைப்-பி. ஒரு முனை டைப்-பி, மறுமுனை டைப்-சி உள்ள கேபிள் விற்கிறார்கள். கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடும் இடத்தில் பிரிண்டரையே மாற்றச் சொல்வது நேர்மையான ஆலோசனை ஆகாது.

இதைச் சொன்னதும் அடுத்த வாதம் வரும்: அடாப்டர் போட்டால் வேகம் குறையும். எந்த வேகம்? பழைய கீபோர்டும் மவுஸும் பெரும்பாலும் நொடிக்கு 15 லட்சம் பிட் என்ற மிகக் குறைந்த யூஎஸ்பி வேகத்தில் பேசுபவை. நம் விரல்களுக்கு அதுவே மிக அதிகம். யூஎஸ்பி 2.0 கருவிக்கு நொடிக்கு 48 கோடி பிட் எல்லை. நேராகச் சொருகினாலும் அதுதான், நல்ல அடாப்டர் வழியாகச் சொருகினாலும் அதுதான். லேசர் பிரிண்டர் ஒரு நிமிடத்தில் எத்தனை பக்கம் தள்ளும் என்பதைத் தீர்மானிப்பது அதற்குள் சுழலும் டிரம்மும் சூடாகும் உருளையும். கேபிள் அதைத் தீர்மானிப்பதில்லை. ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒரு போர்ட்டைப் பல துளைகளாகப் பிரிக்கும் ஹப்களில் மலிவான சிலவற்றில் டைப்-ஏ துளைகள் 2.0 வேகத்தோடு நின்றுவிடும். 3.0 ஹார்ட் டிஸ்க்கை அதில் சொருகினால் நொடிக்கு 100 மெகாபைட் அளவில் நகர வேண்டிய கோப்பு 30, 40 மெகாபைட்டில் ஊரும். அதற்கு ஹப்பைப் பார்த்து வாங்க வேண்டும். டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இன்னொரு அச்சத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் அதை நம்புகிறார்கள். “டைப்-சி போர்ட் வழியாகத்தான் லேப்டாப்பே சார்ஜ் ஆகிறது. 65 வாட், 100 வாட் போகும் துளை அது. பழைய மவுஸைச் சொருகினால் எரிந்துவிடும்” என்கிறார்கள். எரியாது. டைப்-சியில் 9, 15, 20 வோல்ட் என்று மின்னழுத்தம் உயர வேண்டுமானால் இரு முனைகளிலும் உள்ள சிப்கள் ஒன்றையொன்று கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கருவிக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. அது கேட்காதவரை போர்ட் கொடுப்பது வழக்கமான 5 வோல்ட்தான்.

இந்த அச்சத்துக்கு ஒரு வேர் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2015, 2016இல் கூகுளில் பணிபுரிந்த பென்சன் லியுங் என்ற பொறியாளர் சந்தையில் விற்ற டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து, பல கேபிள்கள் தரத்துக்கு மாறாக இருப்பதை வெளியிட்டார். தவறாகக் கம்பி இணைக்கப்பட்டிருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே கெடுத்தது. பரவலாக இருந்த குறை வேறு: ஒரு முனை டைப்-ஏ, மறுமுனை டைப்-சி உள்ள சார்ஜிங் கேபிளில் 56 கிலோ ஓம் இருக்க வேண்டிய மின்தடையின் மதிப்பு தவறாக இருந்தது. அதனால் போன் பழைய சார்ஜரிடமிருந்து அது தாங்காத அளவு மின்னோட்டத்தை இழுத்தது. 2016இல் அமேசான் தரத்துக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களை விற்கத் தடை போட்டது. இவ்வளவும் உண்மை. ஆனால் இது கேபிளைத் தரமாகச் செய்யாதவர்களின் தவறு. பழைய கீபோர்டுக்கும் பிரிண்டருக்கும் இதில் பங்கு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒரு பக்கம் டைப்-சி செருகி, மறுபக்கம் டைப்-ஏ துளை உள்ள அடாப்டர் தரத்துக்குள் வருவது. திருப்பிப் போட்டது போல டைப்-ஏ செருகியும் டைப்-சி துளையும் உள்ள அடாப்டர் தரத்துக்கு வெளியே இருப்பது. பின்னதைத் தவிர்ப்பது நல்லது.

மின்சாரம் உண்மையிலேயே தகராறு செய்யும் இடம் வேறு. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும், 3.0 போர்ட் 900. ஒரே போர்ட்டில் ஒரு ஹப்பைச் சொருகி, அதில் ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, வெப்கேம் எல்லாவற்றையும் தொங்கவிட்டால் அந்த ஒரே பங்கை எல்லாம் பிரித்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டு திரையில் வந்து வந்து மறையும். உடனே “டிஸ்க் போய்விட்டது” என்று தீர்ப்பு. தனி மின்இணைப்பு உள்ள ஹப்பில் சொருகிப் பார்க்காமல் இந்தத் தீர்ப்பைச் சொல்லவே கூடாது. உள்ளே இருப்பது குழந்தையின் முதல் வருடப் படங்களாக இருக்கலாம்.

பழைய போர்ட் போனால் பழைய உலகமே போயிற்று என்ற பேச்சு இன்று தொடங்கியது இல்லை. 1998இல் ஆப்பிள் ஐமேக்கை வெளியிட்டபோது அதுவரை மேக் கணினிகளில் இருந்த ஏடிபி, சீரியல், ஸ்கசி போர்ட்களையும் பிளாப்பி டிரைவையும் ஒரே அடியில் நீக்கி யூஎஸ்பியை வைத்தது. பழைய கீபோர்டுகளுக்கும் பிரிண்டர்களுக்கும் மாற்றிகள் சந்தைக்கு வந்தன, அவை ஓடின. 2016இல் அதே நிறுவனம் மேக்புக் புரோவில் ஹெட்போன் துளை தவிர டைப்-சி வடிவப் போர்ட்களை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்கியது. எதிர்ப்பு எழுந்தது; சில நாட்களில் தன் அடாப்டர்களின் விலையையே குறைத்தது. 2021இல் வந்த மேக்புக் புரோவில் எச்டிஎம்ஐ போர்ட்டும் எஸ்டி கார்டு துளையும் மறுபடி வந்து உட்கார்ந்தன. காலாவதி என்று அறிவிக்கப்பட்டவற்றை அறிவித்தவரே ஐந்து வருடத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த ஐந்து வருடத்தில் தங்கள் கருவிகளை வீசிவிட்டுப் புதிது வாங்கியவர்களின் பணம் திரும்பவில்லை.

யூஎஸ்பியை விட்டு இன்னும் பழைய கருவிகளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு, லாரி சர்வீஸ்காரர்களுக்கு, மொத்த வியாபாரிகளுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தெரியாமல் இருக்காது. சென்னையில் தலைமையகம் உள்ள டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசை பிரிண்டர்கள் எத்தனையோ பில்லிங் மேசைகளில் இன்றும் கிறீச்சிடுகின்றன. ஊசிகள் ரிப்பனை அடித்து எழுதுவதால் ஒரே அடியில் கார்பன் நகல்களும் விழுகின்றன. லேசரோ இங்க்ஜெட்டோ இதைச் செய்யாது. ஆகவே இந்த பிரிண்டரை “பழசு” என்று ஒதுக்கச் சொல்பவர் அதன் வேலையையே புரிந்துகொள்ளவில்லை.

இதன் பழைய மாடல்களில் இருப்பது பேரலல் போர்ட். யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சொருகியதும் விண்டோஸ் அதை யூஎஸ்பி பிரிண்டராக அடையாளம் காணும். பிரிண்டரின் டிரைவரைச் சேர்த்தால் டேலியிலிருந்து பில் அடிக்கலாம். சிக்கல் வருவது டாஸ் காலத்து பில்லிங் மென்பொருளில். அது எல்பிடி1 என்ற போர்ட்டுக்கு நேராக எழுதிப் பழகியது. யூஎஸ்பி கேபிள் அந்தப் பெயரில் வருவதில்லை. பிரிண்டரை விண்டோஸில் ஷேர் செய்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அதற்குச் சூட்டுவது பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கும் வழி. இன்று அதையும் தாண்டி ஒரு தடை இருக்கிறது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே; 16 பிட் டாஸ் மென்பொருளை அது தானாக இயக்காது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் வைத்துத்தான் இயக்க வேண்டும். கவனியுங்கள், தடை எங்கே இருந்தது? மென்பொருளில். புது பிரிண்டர் வாங்கியிருந்தாலும் அந்த மென்பொருள் ஓடியிருக்காது.

டிவிஎஸ் கோல்டு கீபோர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் விசைகள் கொண்டது. நாளெல்லாம் தட்டச்சு செய்பவர்கள், டிடிபி வேலை செய்பவர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்; விரல் அதற்குப் பழகியிருக்கிறது. பழைய பிரதிகள் பிஎஸ்2 வகை, ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த அந்த வட்டச் செருகி. இங்கே மக்கள் ஏமாறுவது ஓர் இடத்தில். பச்சை, ஊதா நிறத்தில் வரும் சின்னச் சொருகியை வாங்கிப் போட்டுப் பார்த்து, ஓடவில்லை என்றதும் கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தச் சொருகிக்குள் வெறும் கம்பிதான். பிஎஸ்2, யூஎஸ்பி என இரண்டு மொழியும் தெரிந்த கீபோர்டுக்கு மட்டுமே அது உதவும். பிஎஸ்2 மட்டும் தெரிந்த கீபோர்டுக்கு உள்ளே சிப் வைத்த மாற்றி வேண்டும். கேபிள் வடிவில், கீபோர்டுக்கு ஒன்று மவுஸுக்கு ஒன்று என இரண்டு துளைகளோடு வருகிறது. அதன் யூஎஸ்பி முனையில் டைப்-சி அடாப்டரைப் போட்டால் இன்றைய லேப்டாப்பிலும் அந்தக் கீபோர்டு தட்டும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வேறு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க வேண்டாம்.

பள்ளிகளில், கல்யாண மண்டபங்களில் கூரையில் தொங்கும் புரொஜெக்டரின் கதையும் இதேதான். விஜிஏ 1987இல் வந்தது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை சேர்ந்து 2015க்குள் அதைக் கைவிடுவதாக அறிவித்தன. லேப்டாப்பிலிருந்து விஜிஏ போய்விட்டது. சுவருக்குள் கேபிள் இழுத்துக் கட்டிய வகுப்பறைகளில் அது இருக்கிறது, படமும் தெரிகிறது. விஜிஏ அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். ஆகவே வெறும் கம்பி போதாது, சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவதைத் திருப்பிப் போட்டால் ஓடாது, வாங்கும்போது திசையைச் சொல்லி வாங்க வேண்டும். விஜிஏவில் ஒலி இல்லை, 3.5 மில்லிமீட்டர் ஆடியோ துளையும் சேர்ந்து வரும் கன்வர்ட்டராகப் பார்த்து வாங்கினால் ஸ்பீக்கருக்குத் தனியாக எடுக்கலாம். படம் கலங்கினால் புரொஜெக்டரின் இயல்பான அளவுக்கு, பெரும்பாலும் 1024க்கு 768, லேப்டாப்பின் திரை அமைப்பை மாற்ற வேண்டும். பதிப்புரிமைப் பூட்டு உள்ள சினிமாச் செயலிகள் விஜிஏ வழியாகப் படம் காட்ட மறுக்கலாம். பாடம் நடத்த அது தடையில்லை.

டைப்-சியிலிருந்து நேராகப் புரொஜெக்டருக்குப் படம் அனுப்பும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும்: எல்லா டைப்-சி போர்ட்டும் படம் அனுப்பாது. டிஸ்பிளேபோர்ட் சிக்னலை அனுப்பும் வசதி அந்தப் போர்ட்டில் இருந்தால்தான் சாதாரண கன்வர்ட்டர் ஓடும். விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் அது இருக்காது. வாங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எத்தனை பேர்? விற்கும்போது தானாகச் சொல்பவர்கள் எத்தனை பேர்?

கோவையில் சிஎன்சி இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்காரர்களுக்கு சீரியல் போர்ட் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. 1960இல் பிறந்த ஆர்எஸ்232 தரம் பழைய சிஎன்சி இயந்திரங்களிலும் எடை மெஷின்களிலும் இன்னும் வேலை செய்கிறது. இயந்திரத்தின் விலை லட்சங்களில். லேப்டாப்பில் ஒன்பது பின் துளை இல்லை என்பதற்காக யாரும் அதை விற்க முடியாது. யூஎஸ்பி-சீரியல் மாற்றிதான் வழி. இதில் வரும் தொல்லை பெரும்பாலும் மாற்றிக்குள் இருக்கும் சிப்பால் வருவது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்புக்குச் சந்தையில் போலிகள் பெருகியபோது, 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர் போலிச் சிப்களின் அடையாள எண்ணையே அழித்துச் செயலிழக்க வைத்தது. புரொலிஃபிக் சிப்பின் பழைய வகைகளைப் புதிய டிரைவர் ஏற்காமல், 2012 முதல் கைவிடப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரில் அறிவித்தது. மாற்றி வாங்குபவர் “எந்தச் சிப்” என்று கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி பாதி குறையும். சென்னை ரிச்சி தெருவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

“இனி எல்லாமே வயர்லெஸ், கம்பியைப் பற்றி எதற்குப் பேச்சு” என்பவர்களுக்கு ஒரே பதில்: வைஃபை பிரிண்டருக்கும் டிரைவரும் பராமரிப்பும் வேண்டும். கூரையில் தொங்கும் பழைய புரொஜெக்டர்கள் பலவற்றில் வைஃபை கிடையாது.

உண்மையாகவே கைவிட வேண்டிய கருவிகளும் உண்டு. ஸ்கேனர்கள்தான் அதில் முதலிடம். தயாரித்த நிறுவனம் 64 பிட் விண்டோஸுக்கு டிரைவர் எழுதாமல் விட்டால் அந்த ஸ்கேனருக்கு அடாப்டரால் உயிர் வராது. 2019இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்களை நிறுத்தியபோதும் பல ஸ்கேனர்களின் மென்பொருள் நின்றது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள புதிய விண்டோஸ் லேப்டாப்புகளில் போர்ட் பொருந்தினாலும், இன்டெல், ஏஎம்டிக்கு எழுதப்பட்ட டிரைவர் ஓடாது. இங்கேயும் குற்றவாளி போர்ட் இல்லை. டிரைவரை எழுதாமல் விட்டவர், எழுதியதை மற்றவர் திருத்திக்கொள்ள வெளியிடாமல் பூட்டி வைத்தவர். இதற்கு ஆதாரம் லினக்ஸ்: நிறுவனங்கள் கைகழுவிய எத்தனையோ ஸ்கேனர்களைத் தன்னார்வலர்கள் எழுதிய சேன் டிரைவர்கள் இன்றும் ஓட்டுகின்றன. வியூஸ்கேன் என்ற மென்பொருள் விண்டோஸிலும் மேக்கிலும் அதே வேலையைச் செய்கிறது. நிறுவனம் செத்ததாகச் சொன்ன கருவியின் கண்ணாடியும் மோட்டாரும் விளக்கும் நன்றாகவே இருந்தன.

2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்று ஐநா அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மீதியின் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதற்கு முறையான கணக்கில்லை. கேபிளைத் தீயில் எரித்துச் செம்பு எடுப்பவரின் மூச்சில் போவதும் அதில் ஒரு பங்கு. ஓடக்கூடிய ஒரு பிரிண்டரை அந்தக் குவியலில் சேர்க்கச் சொல்பவர், தான் சொல்வது என்ன என்று யோசித்துச் சொல்ல வேண்டும்.

பணக் கணக்கு இன்னும் நேரடியானது. கிராமத்துப் பள்ளி ஒன்றுக்குப் புது புரொஜெக்டர் என்பது அந்த வருடம் நூலகத்துக்குப் புத்தகம் இல்லை என்று பொருள்படலாம். கன்வர்ட்டர் ஒன்றின் விலையில் அந்தப் புத்தகங்கள் தப்பிக்கும். “மாற்றிவிடுங்கள்” என்ற ஒரு சொல்லின் விலையைக் கொடுப்பது எப்போதும் சொல்பவரல்ல, கேட்பவர்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு டைப்-சி ஹப்பும், ஒரு விஜிஏ கன்வர்ட்டரும், ஒரு பிஎஸ்2 மாற்றியும் கல்லாப் பக்கத்தில் இருக்கட்டும். வாடிக்கையாளர் கருவியோடு வந்தால் சொருகிப் பாருங்கள். அதில் வரும் சிறு லாபத்தை யாரும் மறுக்க மாட்டார்கள்.

லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு: வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளின் மாடல் எண்களை எழுதிக்கொண்டு போங்கள். தூக்க முடிந்ததைக் கையோடு எடுத்துப் போங்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால் டிரைவரா, சிக்னலா, மின்சாரமா, மென்பொருளா என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவரிடம் புது பிரிண்டர் வாங்காதீர்கள்.